‘நாங்கள்’ என்று தொடங்கும் யாப்பு

1

இந்த ஐப்பசியோடு நான் மொன்றியலுக்கு வந்து இருபத்தைந்து வருடம். கேக் வெட்டவில்லை, கோயிலில் அர்ச்சனை செய்யவும் இல்லை. அன்றைக்கு என் மகள் துளசி எனக்கு ஒரு பதவி தந்தாள்: ஒன்றும் தெரியாத ஆள்.

துளசி பல்கலைக்கழகத்தில் அரசியல் படிக்கிறாள். இந்தத் தவணை அமெரிக்க அரசியலமைப்புச் சட்டமும் ஒரு பாடம். படித்ததை, அந்த விஷயத்தில் ஒன்றும் தெரியாத ஒருவருக்கு விளங்கப்படுத்திப் பாருங்கள், அவருக்கு விளங்கினால்தான் உங்களுக்கு விளங்கியது என்று அவளுடைய பேராசிரியர் சொல்லிவிட்டாராம். அப்படியொரு ஆளை அவள் ஊரெல்லாம் தேடவில்லை. நேரே குசினிக்கு வந்தாள்.

"அப்பாவுக்கும்தான் ஒண்டும் தெரியாது," என்றேன்.

"அப்பா நித்திரையாப் போயிடுவார். நீங்கள் எண்டால் வெங்காயம் வெட்டிக்கொண்டு கேப்பீங்கள்."

வெட்டிக்கொண்டு கேட்டேன். சட்டம் செய்கிறவர்கள் வேறு, அதை நடத்துகிறவர் வேறு, சரி பிழை சொல்கிறவர்கள் வேறு. மூன்றும் ஒருவர் கையில் இருந்தால் அவர் நல்லவராக இருந்தாலும் நாடு கெட்டுப்போகும். அமெரிக்கர்கள் ஒரு ராசாவோடு பட்ட பாட்டில் படித்த பாடம் அது.

"அப்ப எங்கட வீட்டில?"

"இங்க என்ன சமைக்கிறதெண்டு தீர்மானிக்கிறதும் நீங்கள், சமைக்கிறதும் நீங்கள். நான் நீதிமன்றம். இண்டைக்குக் கத்தரிக்காய் எண்டால் செல்லாது."

சிரித்தேன். உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. பன்னிரண்டு வயதில் தமிழ் வகுப்பை விட்டவள் இவள். வீட்டுக்குள் பிரெஞ்சும் ஆங்கிலமுமாகவே திரிகிறவள், எனக்காக இவ்வளவு நேரம் தமிழில் கதைத்தது பெரிய காரியம். அவளுக்குத் தமிழ் தெரியாதென்றில்லை. ஆனால் தமிழர்களைப் பற்றிச் சொல்லும்போது "உங்கட ஆக்கள்" என்பாள். உங்கட ஆக்கள் ஏன் நேரத்துக்கு வாறேல்லை? உங்கட கலியாணங்களில ஏன் படம் எடுக்கேக்கை ஒருத்தரும் சிரிக்கிறேல்லை? அந்த "உங்கட" ஒவ்வொரு முறையும் எனக்குச் சுருக்கென்று குத்தும். காட்டிக்கொள்ள மாட்டேன்.

பிறகு ஒரு கேள்வி கேட்டாள். அமெரிக்க அரசியல் யாப்பு "மக்களாகிய நாங்கள்" என்று தொடங்குகிறது. "தமிழில அது நாங்களா, நாமா அம்மா? வகுப்பில ரெண்டு இருக்கெண்டு படிச்ச ஞாபகம்."

"கேக்கிற ஆளையும் சேத்தால் நாம். வெளியில விட்டால் நாங்கள். 'நாம் சாப்பிடுவோம்' எண்டால் உனக்கும் சோறிருக்கு. 'நாங்கள் சாப்பிடுவோம்' எண்டால் நீ வாயைப் பாத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்."

யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'நாம்' கிடையாது, எல்லாவற்றுக்கும் 'நாங்கள்'தான், உள்ளேயா வெளியேயா என்பதைச் சொல்கிறவரின் முகத்தைப் பார்த்துத்தான் அறியவேண்டும் என்பதையும் சொன்னேன். அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"அப்ப அமெரிக்கர் முதலில எழுதினது 'நாங்கள்'தான். ஐஞ்சு அடிமையளை மூண்டு மனிசராத்தான் எண்ணினவை. பொம்பிளையளுக்கு வோட் இல்லை. பேந்து திருத்தம் திருத்தமாப் போட்டு அதை 'நாம்' ஆக்கப் பாக்கினம். இன்னும் முடியேல்லை."

பரீட்சையில் இதை எழுதப் போவதாகச் சொல்லிவிட்டு, கத்தரிக்காயையும் சாப்பிட்டாள்.

2

அந்த வாரமே வாட்ஸ்அப்பில் வந்தது அறிவித்தல்.

எங்கள் பெற்றோர் சங்கம் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் ஒரு மண்டபத்தின் பேஸ்மென்றில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்துகிறது. தலைவர் தர்மலிங்கம் அண்ணை. வகுப்பைத் தொடங்கியவரே அவர்தான். இருபது வருடமாகப் பனியில் கதவு திறந்து, கதிரை அடுக்கி, ஹீற்றர் போட்டு வைக்கிறவர். நான் அந்தச் சங்கத்தில் சாதாரண அங்கத்தவர். மகள் விட்டுப்போன பிறகும் சந்தா கட்டுகிறேன், சரஸ்வதி பூசைக்குக் கடலை அவிக்கிறேன்.

அண்ணையின் குரல்பதிவு இப்படி இருந்தது: "சங்கத்தின் யாப்பு ஏழாம் பிரிவை மீறிய காரணத்தால் திருமதி மாலினி இன்று முதல் கற்பித்தல் பணியிலிருந்து நீக்கப்படுகிறார்." அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். எதற்குக் கும்பிட்டார்கள் என்று கும்பிட்டவர்களுக்கே தெரியாது.

யாப்பு என்றால் எங்களுக்குச் சங்கத்தின் சட்டம். ஒருமுறை என்னோடு வேலை செய்யும் சென்னைப் பெண்ணிடம், "எங்கட யாப்பு சரியில்லை" என்று சொன்னேன். அவள் கண்ணை விரித்து, "அக்கா, நீங்க வெண்பால்லாம் எழுதுவீங்களா?" என்றாள். எங்கள் யாப்புக்கும் வெண்பாவுக்கும் ஒரே ஒற்றுமை, இரண்டிலும் தளை அதிகம்.

மாலினி சின்ன வகுப்பு ரீச்சர். கலியாணம் முடித்து ஸ்பொன்சரில் வந்தவள். ஆறேழு வயதுப் பிள்ளைகளை அவளைப் போல மடக்கி வைத்திருக்க ஒருவராலும் முடியாது. ஏழாம் பிரிவு சொல்வது, "கற்பித்தல் தமிழில் மாத்திரம் நடைபெறும்." மாலினி பிரெஞ்சில் விளக்கம் சொன்னாள் என்பது ஒரு குற்றம். அதைவிடப் பெரிய குற்றமாக ஊரெல்லாம் திரிந்தது வேறொன்று. வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போன ஒரு சிறுமி, தமிழ் எழுத்துச் செத்துப்போச்சு, ரீச்சர்தான் சொன்னா என்று தகப்பனிடம் பிரெஞ்சிலேயே சொல்லியிருக்கிறாள்.

தமிழ் செத்த மொழி என்று தமிழ் வகுப்பிலேயே படிப்பிக்கிறாளாம்! புரோசார்டில் இருக்கும் என் மச்சாள் வரைக்கும் கதை ஆறு கடந்து போய்விட்டது. கேள்விச் செவியன் ஊரைக் கெடுப்பான் என்று சும்மாவா சொன்னார்கள்?

மாலினிக்கு அழைத்தேன். அழுதுகொண்டுதான் எடுத்தாள்.

"என்னடி நடந்தது?"

"போனில சொல்ல மாட்டன் அக்கா. போனில சொல்லிச் சொல்லித்தான் இவ்வளவும் வந்தது. எல்லாரையும் வைச்சுக் கேட்டால் சொல்லுறன்." பிறகு, "என்னை ஒருத்தரும் கேக்கேல்லை அக்கா," என்றாள்.

3

அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது.

கொழும்பில் நாங்கள் லொட்ஜில் இருந்த காலத்தில் ஒரு சுற்றிவளைப்பில் என் அண்ணாவைக் கொண்டுபோனார்கள். நானும் அம்மாவும் பொலிஸ் நிலைய வாசலில் நின்றோம். அண்ணாவின் வாக்குமூலம் என்று ஒன்று எழுதி அவனிடம் கையெழுத்து வாங்கினார்கள். அது சிங்களத்தில் இருந்தது. அவனுக்குச் சிங்களத்தில் கடைப் பெயர்ப் பலகைகூட வாசிக்கத் தெரியாது. நீ என்ன சொல்கிறாய் என்று அவனை யாரும் கேட்கவில்லை, அவன் சொன்னதாக எல்லாம் எழுதி முடித்திருந்தார்கள். மாதக் கணக்கில் உள்ளே இருந்து வந்தான். இப்போது லண்டனில் இருக்கிறான், இன்னும் எதிலும் கையெழுத்து வைக்க முன் மூன்று முறை வாசிப்பான். 'சிங்களம் மாத்திரம்' என்ற சட்டத்தால் ஊரை விட்டவர்கள் நாங்கள். எங்கள் யாப்பில் 'மாத்திரம்' என்ற சொல்லை ஒருவருக்கும் கூசாமல் எழுதி வைத்திருக்கிறோம்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. நான் ரொக்ஸ்பரோவில் ஒரு கார்ட்ரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், வேலை செய்கிறேன். சேர்ந்த புதிதில் என் பிரெஞ்சு நொண்டிக்கொண்டு திரிந்தது. பிரெஞ்சில் மீனுக்கும் நஞ்சுக்கும் கிட்டத்தட்ட ஒரே சொல்தான், நடுவில் வரும் ஒலி மட்டும் வேறு. மீனுக்கு எங்கள் 'ஸ' போதும். நஞ்சுக்கு வண்டு இரைவது போல ஓர் ஒலி வேண்டும், அது எங்கள் நாக்கில் பிறக்கவே பிறக்காது. ஒரு நாள் அலுமாரியில் இருந்த தரை துடைக்கும் மருந்துப் போத்தலைக் காட்டி, "தொடாதேங்கோ, இது நஞ்சு" என்று பிள்ளைகளுக்கு எச்சரிக்கை செய்தேன். என் வாயால் வந்தது, "தொடாதேங்கோ, இது மீன்." அவ்வளவு பேரும் அலுமாரியை மொய்த்துவிட்டார்கள், மீன் பார்க்க.

ஒரு தாய் முறைப்பாடு செய்தாள். பொறுப்பாளர் என்னை அறைக்குள் கூப்பிட்டபோது வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவர் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். "நீ என்ன சொல்ல நினைத்தாய்?" என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார். அடுத்த நாள் அலுமாரிக்குப் பூட்டு வந்தது. நான் இன்றைக்கும் அங்கேதான் வேலை செய்கிறேன்.

நஞ்சை மீனாகச் சொன்ன எனக்கு ஒரு கதிரையும் ஒரு கேள்வியும் கிடைத்தன. தமிழ் படிப்பித்த மாலினிக்கு ஒரு குரல்பதிவுதான் கிடைத்தது. எனக்கு அடங்காத கோபம் வந்தது.

துளசியிடம் சொன்னேன். அவள் சங்கத்தின் யாப்பைப் போனில் எழுத்துக்கூட்டி வாசித்தாள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அம்மா, ஏழாம் பிரிவை எழுதினது தலைவர். மீறினதெண்டு பிடிச்சது தலைவர். நீக்கினது தலைவர். பன்னிரண்டாம் பிரிவைப் பாருங்கோ, 'எது எவ்வாறிருப்பினும் யாப்புக்கு விளக்கமளிக்கும் அதிகாரம் தலைவருக்கே உரியது.' உங்கட ஆள் சட்டம் செய்யிற காங்கிரஸ், ஜனாதிபதி, உச்சநீதிமன்றம் மூண்டும் தான்தானாம்!"

"எது எவ்வாறிருப்பினும் எண்டால்?"

"வேற என்ன உரிமை இருந்தாலும் இதுதான் செல்லும் எண்டு. கனடா உரிமைச் சாசனத்திலயும் அப்படி ஒரு பிரிவு இருக்கு. இங்க கெபெக் மாகாண அரசாங்கம் அதை நல்லாப் பாவிக்கும்."

பிறகு ஐந்தாம் திருத்தத்தையும் பதினான்காம் திருத்தத்தையும் விளங்கப்படுத்தினாள். ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ சொத்தையோ அரசாங்கம் பறிக்க முன், முறையான வழி ஒன்று வேண்டும். என்ன குற்றம் என்று சொல்ல வேண்டும். அவர் பக்கத்தைக் கேட்க வேண்டும். கேட்கிறவர் குற்றம் சாட்டியவராக இருக்கக்கூடாது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். இதுக்குத்தான் எனக்கு அறுநூறு பக்கம்."

என் வீட்டுக்காரர் சோபாவில் கண்ணை மூடியபடியே சொன்னார்: "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விடாதை."

"ஓணான் ஏற்கெனவே மடிக்குள்ளதான் நிக்குது," என்றேன்.

4

ஞாயிற்றுக்கிழமை தர்மலிங்கம் அண்ணையின் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்தார், பயற்றம் பணியாரமும் தந்தார். மனிதரில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதுதான் கஷ்டம்.

"அண்ணை, மாலினியைக் கேட்டனீங்களோ?"

"என்னத்தைக் கேக்க? யாப்புத் தெளிவாக் கிடக்கு. தமிழில மாத்திரம்."

"பிள்ளையளுக்கு விளங்காட்டி?"

"தங்கச்சி, இண்டைக்கு விளங்கேல்லை எண்டு ஒரு பிரெஞ்சுச் சொல்லை விட்டால், நாளைக்கு அந்த பேஸ்மென்றில தமிழ்ச் சொல் ஒண்டுதான் மிஞ்சும். வெளியில வாரம் முழுக்க அவையின்ர பாஷை. எங்களுக்கெண்டு ரெண்டு மணித்தியாலம். அதையும் குடுக்கச் சொல்லுறியளோ?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. என் மகளைப் பன்னிரண்டு வயதில் பறிகொடுத்தவள் நான், எனக்கு அந்தப் பயம் தெரியாதா? பிரெஞ்சுக்காரரும் இங்கே ஆங்கிலக் கடலுக்குள் இதே பயத்தோடுதான் சட்டத்துக்கு மேல் சட்டம் போடுகிறார்கள்.

"நான் பிரிவு பிழை எண்டு சொல்ல வரேல்லை அண்ணை. அவளைக் கேக்காமல் நீக்கினது பிழை. எழுதினவரும் நீங்கள், பிடிச்சவரும் நீங்கள், தீர்ப்புச் சொன்னவரும் நீங்கள். அமெரிக்காவில..."

"இது அமெரிக்கா இல்லைத் தங்கச்சி, கனடா!"

"இது ரெண்டும் இல்லை அண்ணை. வாடகை பேஸ்மென்ற். அதுக்குள்ளயாவது ஆளைக் கேப்பம்."

அவர் முகம் கறுத்துப்போனது. இருபது வருடம் பனி தள்ளியதையெல்லாம் சொல்லிக் காட்டவில்லை, அந்த அளவில் பெரிய மனிதர். எழுந்து தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்தார். கதை முடிந்தது என்று அதற்கு அர்த்தம்.

ஆனால் யாப்பில் பத்து அங்கத்தவர்கள் கேட்டால் விசேட பொதுக்கூட்டம் கூட்டவேண்டும் என்றொரு பிரிவும் இருந்தது. அதையும் எழுதியவர் அவரேதான். அந்த வாரம் முழுக்கத் தொலைபேசியும் கையுமாக இருந்தேன். கும்பிடும் கை போட்டவர்களையும் ஒவ்வொருவராகப் பிடித்தேன். "நான் ஒரு பக்கமும் இல்லை" என்று தொடங்கியவர்களிடம், "ஒரு பக்கமும் இருக்க வேண்டாம், காது மட்டும் கொண்டு வாங்கோ" என்றேன்.

5

கூட்டத்துக்குத் துளசியும் வந்தாள். பாடத்துக்கு உதவும், அதுதான் வருகிறேன் என்றாள். கடைசி வரிசையில் இருந்தாள். தமிழ் வகுப்பை விட்ட பிறகு அந்தப் படிகளில் அவள் இறங்கியது அன்றைக்குத்தான்.

தர்மலிங்கம் அண்ணை தலைவர் கதிரையில் இருந்தார். நான் எழும்பினேன்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. முறைப்பாடு உங்கடை. இண்டைக்கு மட்டும் வேற ஆராவது தலைமை தாங்கட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்துவந்து முன்வரிசையில் இருந்தார். உபதலைவராக இருந்த பெண் தயங்கித் தயங்கி அந்தக் கதிரைக்குப் போனார்.

மாலினி முன்னுக்கு வந்து கும்பிட்டாள். அழவில்லை.

"அண்டைக்கு உயிர்மெய் படிப்பிச்சனான். உயிர், மெய் ரெண்டு சொல்லும் பிள்ளையளுக்கு விளங்கேல்லை. நானும் கையைக் காலைக் காட்டித் தமிழில சொல்லிப் பாத்தன், சரிவரேல்லை. கடைசியில பிரெஞ்சில, உயிர் எண்டால் 'லாம்', மெய் எண்டால் 'கோர்' எண்டனான். அவ்வளவும்தான் நான் சொன்ன பிரெஞ்சு. உடனே சின்னவள் ஒருத்தி எழும்பி, 'அப்ப உயிரில்லாத க் செத்துப்போச்சா ரீச்சர்?' எண்டு கேட்டவள். நான் சொன்னன், ஓம், செத்துத்தான் கிடக்கு, 'அ' வந்து தொட்டால் எழும்பும்."

யாரோ பின்னால் சிரிப்பை அடக்கினார்கள்.

"பேந்து ஒரு விளையாட்டு வைச்சன். பாதிப் பிள்ளையள் மெய்யெழுத்து, நிலத்தில செத்துக் கிடந்ததுகள். மற்றப் பாதி உயிரெழுத்து, ஓடி ஓடித் தொட்டு எழுப்பினதுகள். க், அ, க! ம், ஆ, மா! ஒரு மெய்யையும் சாக விடேல்லை. அந்தப் பிள்ளை வீட்டை போய் முதல் பாதியைத்தான் சொல்லியிருக்கு."

சிறுமியின் தகப்பன் கூட்டத்தில் இருந்தார். தலையைக் குனிந்துகொண்டு, "மிச்சத்தைச் சொல்ல வந்தவள்தான். நான்தான் கேக்கேல்லை," என்றார்.

தர்மலிங்கம் அண்ணை நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். மாலினியை மீண்டும் எடுப்பதற்கு வோட் கேட்டபோது முதலில் உயர்ந்த கை அவருடையது. ஆனால் ஏழாம் பிரிவின் 'மாத்திரம்' என்ற சொல்லை எடுப்பதற்குக் கேட்டபோது அவர் கை உயரவில்லை, வேறு பலருடையதும் உயரவில்லை. திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு வேண்டும். தோற்றோம். அது அப்படியே கிடக்கிறது, அடுத்த வருடம் மீண்டும் கேட்பேன்.

மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கக் கேட்டேன். "எவரையும் நீக்க முன் அவரை விசாரிக்க வேண்டும்."

அண்ணை கையை உயர்த்தினார். எதிர்க்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"விசாரிக்க எண்டு போடாதேங்கோ தங்கச்சி," என்றார். குரல் தணிந்திருந்தது. "அது பொலிஸ்காரன்ர சொல். என்னையும் ரெண்டு நாள் விசாரிச்சவங்கள், நான் சொன்ன ஒண்டையும் கேக்கேல்லை. 'அவர் சொல்வதைக் கேட்க வேண்டும்' எண்டு போடுங்கோ."

அப்படியே போட்டோம். ஒரு கையும் கீழே இருக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கப்படவில்லை.

6

வீட்டுக்குப் போகும்போது துளசிதான் கார் ஓடினாள். வழக்கமாக அவள் ஓடினால் அவளுடைய பிரெஞ்சுப் பாட்டுத்தான் ஓடும். அன்றைக்குப் போடவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளை?"

"பன்னிரண்டாம் பிரிவு அப்படியே கிடக்கு. இண்டைக்குத் தலைவர் நல்ல மனிசரா இருந்தபடியால் தப்பினது. நல்ல மனிசரை நம்பி யாப்பு எழுதேலாது அம்மா. மூண்டாம் பிரிவைப் பாத்தனீங்களே? பிள்ளை படிக்கிற ஆக்கள்தான் புதுசா அங்கத்தவராச் சேரலாமாம். அங்க படிச்ச பிள்ளையளுக்கு இடமே இல்லை. எங்கட யாப்பில சரியான கன பிழை!"

நான் வெளியே பார்த்தேன். தெருவோர மேப்பிள் மரங்கள் இலை கொட்டிக்கொண்டிருந்தன. அவள் சொன்ன சொல் அவள் காதில் விழவில்லை என்று தெரிந்தது. எங்கட. அதற்குள் நானும் இருக்கிறேனா, இல்லை என்னை வெளியே விட்ட 'எங்கட'வா என்று எங்கள் தமிழில் சொல்லைக் கேட்டு அறிய முடியாது, முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தேன். அவள் கோபமாகத் தெருவைப் பார்த்துக் கார் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்ப மாத்து," என்றேன்.

"மாத்தத்தான் போறன். முதல் சொல்லில இருந்து. 'மொன்றியல் வாழ் பெற்றோராகிய நாங்கள்' எண்டு தொடங்குது, நானெங்க அதுக்குள்ள? பத்துப் பேர் வேணும் என்ன? உங்கட போனைத் தாங்கோ."